மாமியின் வளைந்த அட்டை

வங்கி அட்டை வளையும். இதை உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே சுவரில் தொங்கும் படத்தில், சிரித்த முகமுள்ள ஒரு பெண்ணின் இரண்டு விரல்களுக்கு நடுவில் அட்டை எப்போதும் நேராகத்தான் நிற்கும். அந்தப் பெண் எங்கள் கிளை இருக்கும் அடம்பனுக்கு வந்ததில்லை. வந்து, அட்டையை உழவு ரக்ரரின் முன்தட்டில் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி, மத்தியானம் திரும்பி வந்து பார்த்திருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும்.

கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து சில முத்துகளை எடுத்துத் தரும்படி கேட்டீர்கள். முத்து வேண்டுமென்றால் மன்னார்க் கடலில் இறங்கிப் பாருங்கள். என்னிடம் இருப்பது வளைந்த பிளாஸ்டிக் பற்றிய கதைகள்தான். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் கடன் கொடுத்து ஊரை உயர்த்தினார்கள், பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார்கள். நான் அட்டைப் பிரிவின் ஆடும் கதிரையில் உட்கார்ந்து, சனங்கள் வளைத்துக் கொண்டுவந்ததை நிமிர்த்திக் கொடுத்தேன். அதற்காக ஓய்வுபெற்ற அன்று எனக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. கடிகாரம் ஓடவில்லை.

ஏன் நிமிர்த்த வேண்டும், புதிது கேட்டால் வந்துவிடுமே என்று உங்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கொழும்பில் பிறந்து வளர்ந்தவருக்கு வரவேண்டிய கேள்விதான். இங்கே புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் கொழும்புக்குப் போய், அங்கே நன்றாக ஓய்வெடுத்து, ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையாகத் திரும்பும். அதன் பிறகு "வாய்க்காலுக்கு அங்கால, பாலைமரத்துக்குப் பக்கத்து வீடு" என்ற விலாசத்தைத் தபால்காரர் கண்டுபிடிக்க வேண்டும். விதைப்புக்குக் கேட்ட அட்டை அறுவடைக்கு வந்தால் அதிர்ஷ்டம். ஆகவே சனங்கள் தங்கள் அட்டையைத் தாங்களே வீட்டில் திருத்தினார்கள். அவர்கள் திருத்தியதை நான் திருத்தினேன்.

ஒருவர் அட்டையை அலுமாரிக் காலுக்குக் கீழே வைத்தார். அட்டை நேரானது, ஆனால் சிப் நசுங்கிப் போனது. இன்னொருவர் நெல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார். எந்த மூட்டைகளுக்கு நடுவில் என்பதை மறந்துவிட்டார். நெல்லோடு அட்டையும் ஆலைக்குப் போனது. ஒரு ஆசிரியை, பாடசாலைக்குக் கட்டும் சேலையை மினுக்கிய கையோடு அயன் பெட்டியை அட்டையின் மேலும் ஓட்டியிருந்தார். அட்டை நேரானதோடு நிற்கவில்லை, கொஞ்சம் நீண்டும் விட்டது.

"நேராத்தானே கிடக்கு, பிறகேன் மெசின் எடுக்குதில்லை?" என்று என்னோடு சண்டைக்கு நின்றார்.

நான் அட்டையை அவர் பக்கம் திருப்பினேன். இலக்கங்கள் எல்லாம் வழிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன.

"ரீச்சர், இதில எது மூண்டு, எது எட்டு?"

அவர் கணிதம் படிப்பிப்பவர். கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். பிறகு புதிய அட்டைக்கு எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார்.

சரியான முறை மிகவும் சின்னது. கொதித்து ஆறத் தொடங்கிய தண்ணீரில் அட்டையைக் கொஞ்ச நேரம் விட வேண்டும். இளகியதும் எடுத்துத் துடைத்து, தட்டையான இரண்டு பாரங்களுக்கு நடுவில் வைத்து, முழுதாக ஆறும்வரை சும்மா இருக்க வேண்டும். சிப்பில் வெடிப்பு இருந்தால் இந்த வேலையே வேண்டாம். இவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு வெந்நீரும் பிரச்சினையில்லை, பாரமும் பிரச்சினையில்லை. "சும்மா இருக்க வேண்டும்" என்ற இடத்தில்தான் எல்லோரும் தவறினார்கள். நேராகிவிட்டதா, நேராகிவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். நான் பாரத்துக்கு இரண்டு பழைய தொலைபேசி விபரக்கொத்துகளை வைத்திருந்தேன். அவற்றில் பெயருள்ளவர்களில் பாதிப்பேர் கனடாவில் இருப்பதால் யாரும் அவற்றை இரவல் கேட்கவில்லை.

இப்போது கற்பூரக் கதை. திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட வயல் செய்யும் ஒருவர், வாழ்க்கையில் முதன்முதலாக அட்டை எடுத்தார். புதுச் சாமான் எது வந்தாலும் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். ரக்ரர் வாங்கினால் அதன் சாவி அர்ச்சனைத் தட்டில் ஏறும். இவரும் அட்டையைத் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் வைத்து அர்ச்சனை செய்வித்தார். அங்கே எல்லாம் நல்லபடி நடந்தது. அவருக்குத்தான் அது போதவில்லை. வீட்டுக்கு வந்து, சாமியறையில், அதே தட்டில், அட்டைக்குப் பக்கத்தில் தன் பங்குக்கு ஒரு பெரிய கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். மனமுருகிக் கும்பிட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது அட்டையும் உருகியிருந்தது.

"ஐயா, இதை நிமித்த ஏலுமோ?" என்று சுருண்ட அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஏலாது. வெட்டிப்போட்டுப் புதுசுதான் போடவேணும்."

"வெட்டுறதோ? திருநீறு பட்ட சாமான் ஐயா!"

நான் கத்தரிக்கோலை எடுத்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைசியில் சிப்பையும் காந்தப் பட்டியையும் மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அவரிடமே கொடுத்தேன். இன்றைக்கும் அது அவருடைய சாமியறையில் இருக்கிறது, தினமும் ஒரு பூ விழுகிறது. எங்கள் வங்கிக்கு இத்தனை மரியாதை கொடுத்த வாடிக்கையாளர் வேறொருவரும் இல்லை. தலைமையகத்தில் இதைச் சொன்னேன், அவர்கள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எனக்கு ஒரு அட்டையைக் கையில் எடுத்தவுடனேயே அது எப்படி வளைந்தது என்று சொல்லும் வித்தை வந்துவிட்டது. காற்சட்டையின் பின்பையில் இருந்து நசிந்த வளைவு ஒரு மாதிரி, ரக்ரர் வெய்யில் வேறு மாதிரி, தகரக் கூரை வெக்கை இன்னொரு மாதிரி. இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. எப்படி வளைந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, ஏன் வளைந்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதைப் புவனேஸ்வரி அக்கா வந்த பிறகுதான் படித்தேன். நீங்கள் இதை ஓய்வுபெறும் முன்பே படித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

புவனேஸ்வரி அக்கா பெரியமடுவிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இல்லை. கொஞ்சம் வயல், இரண்டு மாடு, ஒரே மகள் தர்சினி. தர்சினி குவைத்தில் ஒரு பெரிய வீட்டின் அடுப்படியில் வேலை செய்தாள். திடீரென்று பயணம் சரிவந்ததால், தன் பெயரில் கணக்குத் திறக்க அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவளுடைய சம்பளம் தாயின் கணக்குக்கு வந்தது. அக்கா மாதத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் மட்டும் கவுண்டரில் எடுப்பார். எடுத்துவிட்டு, மிச்சம் பத்திரமாக இருக்கிறதா என்று என்னிடம் ஒருமுறை கேட்பார்.

"பிள்ளை வந்து அடம்பன் பசாரில தையல் கடை போடப் போறாள் ஐயா," என்றார் ஒருநாள். "தையல் மெசின் பாத்து வைச்சிருக்கிறன். கடை அறைக்கும் சொல்லி வைச்சனான். அவள் அங்க நெருப்பில நிண்டு வேகிறாள். அந்தக் காசு ஒரு சதமும் வேற வழியில போகக்கூடாது."

வேறு வழி அவர் வீட்டிலேயே இருந்தது. பெயர் சுதாகரன், தர்சினியின் கணவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெரும்பாலும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். மனைவி குவைத்துக்குப் போன பிறகும் சுதாகரன் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. பொல்லாத ஆள் என்று சொல்ல மாட்டேன். உழைக்க விருப்பமுள்ளவர், எந்த உழைப்பு என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் கோழிப் பண்ணை என்றார், பிறகு போன் கடை என்றார், கடைசியாக மீன் ஏற்ற ஒரு சின்ன லொறி என்று வந்து நின்றார். எல்லா யோசனைக்கும் பொதுவான ஒரு விடயம், போடவேண்டிய முதல் தர்சினியுடையது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். மருமகன் வாய் திறந்து கேட்டதை இல்லையென்று சொன்ன மாமி எங்கள் பக்கத்தில் இல்லை. சொன்னால் அது போய் மகளின் தலையில் விழும். அதேபோல, மாமியிடம் "காசு தாங்கோ" என்று கேட்ட மருமகனும் இல்லை. கேட்டால் ரோசம் போய்விடும், ஊர் சிரிக்கும். இரண்டு பக்கமும் இத்தனை மரியாதையோடு இருந்த இடத்தில்தான் எங்கள் வங்கி ஒரு அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. "மாமி, அந்தக் காட்டை ஒருக்காத் தாங்கோ" என்று அட்டையைக் கேட்டால் அது காசு கேட்டதாகாது. சுதாகரன் அப்படித்தான் கேட்டார். அக்காவும் இரகசிய இலக்கத்தையும் சொல்லி, மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். அட்டைதான் வளைந்திருந்தது.

முதல்தடவை சுதாகரன் தனியாக வந்தார்.

"ஐயா, மாமி வெய்யில்ல வைச்சிட்டா. நீங்கள் நிமித்துவீங்கள் எண்டு சொல்லிச்சினம்."

"காட்டுக்குச் சொந்தக்காரர் வரவேணும் தம்பி."

"மாமிதான் என்னட்டத் தந்து விட்டவ."

"அப்ப மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. நான் என் வித்தையைக் காட்டினேன். அட்டை கண்ணாடித் துண்டுபோல நேராக வந்தது. பெருமையோடு அக்காவின் கையில் கொடுத்தேன். "தம்பி வைச்சிருங்கோ," என்று அக்கா அதை அப்படியே மருமகனின் கைக்கு மாற்றிவிட்டார். சுதாகரன் வாசலில் இருந்த மெசினுக்குப் போனார். எங்கள் மெசினும் தன் கடமையில் தவறவில்லை. சேவை தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டுள்ளது என்று மூன்று மொழியில் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு மெசினை யாரும் அத்தனை வாஞ்சையோடு பார்த்து நான் கண்டதில்லை. அக்கா அதைத் தடவிக் கொடுக்காத குறை.

சில நாள் கழித்து அக்கா வீட்டுச் செலவுக்கு எடுக்கத் தனியாக வந்தார். மெசினிலேயே எடுக்கலாமே, அட்டை எங்கே என்று கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். திரும்பவும் வளைந்திருந்தது. மருமகன் சட்டைப் பையில் மறந்து விட்டாராம், சட்டை தோய்க்கும்போது அக்கா கண்டெடுத்தாராம்.

முதல்தடவை வெய்யில் என்று சொன்னதை நம்பி நான் கவனிக்கவில்லை, இந்தமுறை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இது வெய்யில் வளைவு இல்லை. வெய்யிலில் கிடந்தால் அட்டை முழுவதும் ஒரே அளவாக வளையும். இது ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகன்று, கூம்புக்குள் சுருட்டி வைத்த மாதிரி வளைந்திருந்தது. சிப் இருந்த முனை மட்டும் வெக்கை படாமல் அப்படியே இருந்தது. பெயரின் எழுத்துகளுக்கு நடுவே தேங்காய்ப்பூத் துருவல் ஒன்று ஒட்டியிருந்தது. கூம்பாகப் பனையோலையில் பின்னி, புட்டு அவிக்க எங்கள் வீடுகளில் ஒரு பெட்டி வைத்திருப்போம், நீத்துப்பெட்டி என்போம். எனக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, இது வெய்யில் இல்லை."

"இல்லையோ ஐயா?"

"வெய்யில் சிப்பைக் கண்டு விலத்தி நிக்காது. இது நீத்துப்பெட்டி."

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

"புட்டு அவியேக்க தவறி விழுந்திட்டுது ஐயா."

"ரெண்டு தரமுமோ?"

மேசைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் இல்லையெண்டு சொன்னா, அவர் குவைத்துக்குப் போன் எடுத்துப் பிள்ளையைத்தான் வதைப்பார். அவள் அங்க தனிய இருந்து அழுவாள், பிறகு குடுங்கோ அம்மா எண்டுவாள். காட் இல்லையெண்டு சொன்னா ஆரோட கோவிக்கிறது?"

"அப்ப காட்டை நிப்பாட்டி விடுவம். நீங்கள் சொன்னாப் போதும், இப்பவே செய்வன்."

"ஐயோ வேண்டாம். நிப்பாட்டினா அது நான் நிப்பாட்டினதாப் போயிடும். இது தானா வளைஞ்சது."

நான் எத்தனையோ அதிகாரிகளோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு வேண்டாத காரியத்தை யாருக்கும் நோகாமல், எழுத்தில் எதுவும் இல்லாமல், இத்தனை சுத்தமாகத் தள்ளிப்போட்ட நிர்வாகியை நான் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. அட்டையை நிமிர்த்தாமலே திருப்பிக் கொடுத்தேன்.

அறுவடை நேரம் வந்தது. அந்த நாட்களில் நெல் விற்ற காசுக்காகக் கிளை நிரம்பி வழியும். பெரியமடுவில் பாதி எங்கள் வாசலில் நிற்கும். அப்போது எங்களுக்கு ஒரு புதிய முகாமையாளர் வந்திருந்தார். வயது குறைந்தவர், சுறுசுறுப்பானவர், கவுண்டரில் நிற்கும் சனத்தை மெசினுக்கு அனுப்பி வைப்பதே வங்கியின் எதிர்காலம் என்று நம்பியவர். தலைமையகம் அவருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தது. எதிர்காலத்துக்கு மழை பெய்தால் இணைப்பு இல்லாமல் போவதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியான ஒரு காலையில் சுதாகரன் அக்காவையும் கூட்டிக்கொண்டு நேரே முகாமையாளரின் அறைக்குள் போனார். லொறிக்காரர் வெளியே மரத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு முற்பணம் இல்லாவிட்டால் லொறி வேறு கைக்குப் போகுமாம். முற்பணம் கொடுத்தால் மாதாமாதம் தவணை, தவணைக்குத் தர்சினியின் சம்பளம். தையல் கடை அந்த லொறியில் ஏறிப் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

முகாமையாளர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, இது உங்களுக்கு ஒரு நிமிசத்து வேலை. நிமித்திக் குடுத்து மெசினுக்கு அனுப்புங்கோ. கவுண்டரில ஒராள் குறையட்டும்."

மெசின் அன்று அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்யக்கூடாத நாளில் அது ஒருபோதும் எங்களைக் கைவிட்டதில்லை.

"அக்கா, நிமித்தவோ?" என்று நான் கேட்டேன்.

"தம்பி சொல்லுறபடி செய்யுங்கோ ஐயா," என்றது வாய். இரண்டு கையும் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு, வாடிக்கையாளர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள் என்று சொல்லித் தருகிறார்கள். வாடிக்கையாளர் சொல்ல முடியாததை என்ன செய்வது என்று அவர்கள் சொல்லித் தருவதில்லை. எனக்கு முன்னால் முகாமையாளர், பக்கத்தில் மருமகன், சுற்றிவர ஊர். என் மேசையில் தண்ணீர்க் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. நிமிர்த்த மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், அதற்கு உண்மையான பதில் அக்காவைக் காட்டிக் கொடுத்துவிடும். பொய் சொல்லலாம். ஆனால் கிளையிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் திடீரென்று எனக்கு ஏலாது என்றால் யார் நம்புவார்?

என்னைக் காப்பாற்றியது, நான் வருடக்கணக்காக மதிக்காமல் இருந்த ஒரு விதி. சூடுபட்டு உருக்குலைந்த அட்டையை ஊழியர் எவரும் திருத்தக்கூடாது, வாடிக்கையாளரின் முன்னிலையில் வெட்டிவிட வேண்டும். நான் நிமிர்த்திய ஒவ்வொரு அட்டையும் அந்த விதிக்கு மாறானது. அன்று எனக்கு விதியின் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். அட்டையை இரண்டு துண்டாக வெட்டினேன். சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஐயா!" என்றார் முகாமையாளர்.

"விதி சேர். நீங்கள் வந்து நிக்கிற நேரம் நான் விதியை மீறலாமோ?" என்றேன்.

சுதாகரனின் முகம் சிவந்துவிட்டது. "இப்ப என்ன செய்யிறது? ஆள் வெளியில நிக்குது!"

அடுத்து நான் செய்தது துணிச்சலா முட்டாள்தனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, மிகவும் மரியாதையாகக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, கவுண்டரில எடுக்கலாம். மாமி கையெழுத்து வைச்சாச் சரி. மாமியிட்ட எவ்வளவு காசு வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் இப்பவே ஒழுங்கு செய்து தாறன்."

வரிசை திரும்பியது. பெரியமடுவின் பாதி எங்களைப் பார்த்தது. யாரோ ஒருவர், "ஆர், தர்சினியின்ர புருசனோ? மாமியிட்டயோ காசு கேக்கிறார்?" என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பதுபோல எல்லோருக்கும் கேட்டார்.

பயந்துவிட்டேன் என்றே சொல்கிறேன். சுதாகரன் ரோசத்தை விழுங்கிக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லியிருந்தால், அக்கா மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்திருப்பார். தர்சினியின் கடையை நானே என் வாயால் கேட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தவனாகியிருப்பேன். அந்த ஆளின் ரோசம் அவருடைய ஆசையைவிடப் பெரியது என்று ஒரு கணக்குப் போட்டேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அவருடைய சட்டை மட்டும் நன்றாக மினுக்கியிருந்தது.

சுதாகரன் மரத்தடியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"எனக்கென்னத்துக்கு மாமியின்ர காசு?" என்றார் கடைசியில். "நான் மாமிக்கு உதவியாத்தான் வந்தனான்."

"நல்ல பிள்ளை," என்றேன். அப்படிச் சொல்லவும் எனக்கு விருப்பம்தான். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினேன். "புதுக் காட் ஒண்டுக்குப் போடவோ அக்கா?"

முகாமையாளரும் ஆவலோடு அவரைப் பார்த்தார். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா. எனக்குக் காட் சரிவராது. எவ்வளவு கவனமா வைச்சாலும் வளைஞ்சு வளைஞ்சு போகுது."

மருமகனிடம் சொல்ல முடியாத சொல்லை எங்கள் வங்கியிடம் சொல்லிவிட்டு, அவர் மருமகனின் மோட்டார் சைக்கிளிலேயே ஏறி வீட்டுக்குப் போனார். அன்றைக்கும் அவருக்குப் புட்டு அவித்துக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். லொறி வேறு யாருக்கோ போனது. கொஞ்சக் காலத்தில் சுதாகரன் அந்த லொறியை வாங்கியவரிடமே சாரதியாகச் சேர்ந்தார். நன்றாக ஓட்டுகிறாராம், மீன் கெடுவதற்குள் கொண்டு சேர்த்துவிடுகிறாராம்.

முகாமையாளர் அந்த மாத அறிக்கையில் ஒரு அட்டை குறைந்ததற்கு என்னிடம் விளக்கம் கேட்டார். வாடிக்கையாளரின் வீட்டில் வெப்பநிலை அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் ஒருநாள் இப்படி ஏதாவது எழுத வேண்டி வரும், அப்போது சொற்களைச் சிக்கனமாகப் பாவியுங்கள். ஆனால் கத்தரிக்கோலை எடுக்குமுன் நன்றாக யோசியுங்கள். எனக்குச் சரிவந்தது என்பதற்காக உங்களுக்கும் சரிவரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். வளைந்தது எல்லாம் பழுதானது அல்ல என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்.

தர்சினி வந்தாள். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், பசாரில் கடை அறைக்கு முற்பணம் கட்டிய கையோடு தாயையும் கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், கைகளில் சூடுபட்ட தழும்புகள் இருந்தன. தன் பெயரில் கணக்குத் திறந்தாள். தாயின் கணக்கில் இருந்தது முழுவதும் அதற்கு மாறியது. அக்கா கையெழுத்து வைத்துவிட்டு, ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

அட்டை வேண்டுமா என்று கேட்டேன். தர்சினி தாயின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"எடு பிள்ளை," என்றார் அக்கா. "உன்ர பேரில வாற காட். இனி வளைக்கிறதெண்டாலும் நீயே வளை."